பார்வை முப்பதாயிரம், வரவு ஆயிரம்: நம்ம பக்கத்து பிளாக்குகள் ஏன் காசு பார்க்கல?

கேட்டவர்: தேவகோட்டைத் தம்பி
6 ஜனவரி 2025

எங்க ஆத்தா சமைக்கிறாங்க, நான் போட்டோ எடுத்து எழுதிப் போடுறேன். செட்டிநாட்டுச் சமையல் பிளாக். ஆரம்பிச்சு மூணு வருஷம் முடிஞ்சிருச்சு. மாசம் சுமாரா முப்பதாயிரம் பார்வை வருது. பக்கத்துல விளம்பரம் போட்டுக் காசு தர்ற கூகுளோட ஆட்சென்ஸ்ல ஏறுறது பன்னெண்டு டாலர். தமிழ்ல எழுதினா இவ்வளவுதாங்க. இதையே இங்கிலீஷ்ல எழுதியிருந்தா இந்நேரம் மாடி எடுத்திருக்கலாம். மொழிதான் காரணம்கிறது என் கட்சி. மறுக்கிறவங்க மறுக்கலாம்.

6 ஜனவரி 2025, இரவு

தம்பி, உங்க கட்சியை நான் மறுக்கிறேன். முழுசா இல்ல, முக்கால்வாசி.

காரைக்குடியில கடைகளுக்குக் கணக்கு எழுதுறதும், வருமான வரித் தாக்கல் பண்ணிக் கொடுக்குறதும் என் பொழப்பு. முன்னெல்லாம் ஜவுளி, மளிகை, பாத்திரக்கடை. கொஞ்ச வருஷமா பிளாக்காரங்களும் யூடியூப்காரங்களும் பைலைத் தூக்கிட்டு வர்றாங்க. அதனால இவங்க வெளிய காட்டுற ஸ்கிரீன்ஷாட்டையும் பாத்திருக்கேன், பாஸ்புக்கையும் பாத்திருக்கேன். ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி தெரியாது.

உங்க எண்ணை எடுத்துக்குவோம். முப்பதாயிரம் பார்வைக்குப் பன்னெண்டு டாலர்னா ஆயிரம் பார்வைக்கு நாப்பது சென்ட். நம்ம பணத்துல முப்பத்தி நாலு ரூபாய் சொச்சம். நூறு டாலர் சேர்ந்தாத்தான் அனுப்புவாங்க, அதுக்கு எட்டு ஒன்பது மாசம். வருஷத்துக்கு ஒரு தடவை பணம் வர்ற தொழிலை நம்ம ஊர்ல தொழில்னு சொல்ல மாட்டாங்க.

இங்கிலீஷ் விஷயம். ரேட் கூடும்கிறது வாஸ்தவம். ஆனா எழுத்து இங்கிலீஷா இருக்கிறதால கூடுறதில்ல. படிக்கிறவர் நியூஜெர்சியில உக்காந்து படிச்சாக் கூடும். விளம்பரம் கொடுக்கிறவன் ஆளோட ஊரைப் பாத்துத்தான் ஏலம் கேக்குறான். காரைக்குடிக்காரர் காரைக்குடியில உக்காந்து உங்க இங்கிலீஷைப் படிச்சா, ரேட்டும் ஏறக்குறைய காரைக்குடி ரேட்தான். அமெரிக்காக்காரரைக் கூட்டிட்டு வரணும்னா, அங்கேயே பத்துப் பதினஞ்சு வருஷமா சிக்கன் செட்டிநாடு எழுதிட்டிருக்கிற ஆளுங்களோட மல்லுக்கட்டணும். அவங்க கல்பாசிக்குப் பதிலா என்ன போடலாம்னு ஒரு தனிப் பக்கமே வச்சிருக்காங்க.

7 ஜனவரி 2025

ஐந்தொகை, அதாவது வரவு செலவை மொத்தமாச் சேர்த்துப் பாக்குற கணக்கு, போட்டீங்களான்னு தம்பியைக் கேட்டேன். "அதெல்லாம் கம்பெனிக்குத்தானே அக்கா"ன்னு பதில் வந்திருக்கு. கணக்குக்குப் பேர்போன தேவகோட்டையில பொறந்துட்டு இப்படிக் கேக்கலாமா? வாங்க, நான் போடுறேன்.

வரவு: 144 டாலர், பன்னெண்டாயிரம் ரூபாய்ச் சில்லறை.

செலவு: டொமைன் ஆயிரம். ஹோஸ்டிங் நாலாயிரம், அதுவும் முதல் வருஷச் சலுகை முடிஞ்சதும் ரெண்டு மடங்கு. இன்டர்நெட்டை விடுங்க, வீட்டுக்கும் சேர்த்துத்தானே. ஆக, வரவுல பாதி இங்கேயே போச்சு.

இனிமேதான் யாரும் எழுதாத பக்கம். உப்புக்கறி பதிவைப் பாத்தேன். அரைக் கிலோ ஆட்டுக்கறி, நானூறு ரூபாய்க்குக் குறையாது. நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், வரமிளகாய். முதல் தடவை வெளிச்சம் சரியில்லைன்னு மறுபடி பண்ணினதா நீங்களே எழுதியிருக்கீங்க. "சாப்பிட்டதுதானே, செலவுல சேர்க்கலாமா?"ன்னு எல்லாரும் கேப்பாங்க. முதல் தடவைக் கறி வீட்டுச் செலவு. ரெண்டாவது தடவை வெளிச்சத்துக்காகப் பண்ணினது தொழில் செலவு. அன்னிக்கு வீட்ல யாரும் ரெண்டு வேளையும் உப்புக்கறி கேட்டிருக்க மாட்டாங்க.

அடுத்து ஆத்தா சம்பளம். காலையிலிருந்து மதியம் வரை அடுப்படியில நிக்கிறாங்க. இதே வேலைக்கு வெளியில ஒரு சமையல்காரம்மாவைக் கூப்பிட்டா அரைநாள் கூலி கொடுக்காம அனுப்ப முடியாது. உங்க சம்பளம்: போட்டோ, எழுத்து, மூணு மணி நேரம். ரெண்டையும் நியாயமான கூலி போட்டு எழுதினா ஒரு பதிவுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுது. அந்தப் பதிவு ஆயுசு முழுக்கச் சம்பாதிச்சது அதுல பாதி இருந்தா அதிசயம்.

பல பிளாக்குகள் நஷ்டத்துல ஓடுறது அவங்களுக்கே தெரியாது. வீட்டு ஆளுங்க சும்மா உழைக்கிறதால நஷ்டம் கண்ணுக்குத் தெரியுறதில்ல. பொண்ணு கல்யாணமாகிப் போனா, பையனுக்கு சென்னையில வேலை கிடைச்சா, பிளாக் நின்னு போகுது. கேட்டா "நேரமில்ல"ம்பாங்க. நேரம் அன்னைக்கும் இல்ல, சும்மா கொடுத்துட்டிருந்தாங்க.

7 ஜனவரி 2025, கொஞ்ச நேரம் கழிச்சு

ஒருத்தர் ஜி.எஸ்.டி. பத்திக் கேட்டிருக்கார். சேவைத் தொழிலுக்கு வருஷம் இருபது லட்சம் தாண்டினாத்தான் பதிவு. தம்பிக்குப் பன்னெண்டாயிரம். நிம்மதியாத் தூங்கச் சொல்லுங்க. ஆனா வருமான வரிக் கணக்குல இதையும் காட்டணும். வெளிநாட்டுப் பணத்துக்கு வரி கிடையாதுன்னு யாரோ ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க, நம்பாதீங்க.

9 ஜனவரி 2025

"காசுக்காகவா எழுதினோம் அந்தக் காலத்துல"ன்னு ஒரு பெரியவர் வந்து சண்டை போட்டுட்டுப் போயிருக்கார். அவர் சொல்றதுலயும் சரக்கு இருக்கு.

தமிழ் பிளாக்குகளையெல்லாம் ஒரே இடத்துல திரட்டிக் காட்டின தமிழ்மணம் 2004ல வந்தது. அதுக்கு முந்தின வருஷமே ஆட்சென்ஸ் வந்தாச்சு, பிளாக் எழுத இடம் கொடுக்கிற பிளாக்கர் தளத்தையும் கூகுள் வாங்கியாச்சு. ஆனா ஆட்சென்ஸ் தமிழை முறைப்படி சேர்த்துக்கிட்டது 2018 பிப்ரவரியில. நடுவுல பதினாலு வருஷம் தமிழ்ல எழுதினவங்க கவிதைக்குப் பின்னூட்டம், பின்னூட்டத்துக்கு எதிர்ப்பின்னூட்டம்னு சந்தோஷமா இருந்தாங்க. காசுங்கிற பேச்சே அசிங்கம். சிலர் இங்கிலீஷ் பக்கத்துக்கு வாங்கின விளம்பர அனுமதியைக் கொண்டாந்து தமிழ்ப் பக்கத்துல திருட்டுத்தனமா ஒட்டி வச்சுப் பாத்தாங்க, அது தனிக் கதை.

காசு வர்ற கதவு திறந்த நேரத்துல, எழுதத் தெரிஞ்ச கூட்டத்துல பாதிப் பேர் பேஸ்புக் போயாச்சு. மீதிப் பாதி யூடியூப் பாக்கப் போயாச்சு. திறந்த கதவுல நுழைஞ்சவங்கள்ல நிறையப் பேர் எழுத வந்தவங்க இல்ல, பத்துத் தளத்தைப் பாத்துப் பதினோராவது தளம் பண்ண வந்தவங்க. பெரியவருக்கு அந்தக் கோபம்தான். எனக்கும் உண்டு. எனக்கும் ஒரு பிளாக் இருக்கு, பழைய பேரேடுகளைப் பத்தி எழுதுறேன். அதுல விளம்பரமே கிடையாது. அதை நான் தொழில்னு சொல்றதும் இல்ல. தொழில்னு சொல்லிட்டா வேற சட்டம்.

13 ஜனவரி 2025

பொங்கல் வேலைக்கு நடுவுல எழுதுறேன், நீளும்.

தம்பி, உங்க தளத்துல அதிகம் பாக்குற பக்கம் எதுன்னு கேட்டேன். "வெள்ளைப் பணியாரம், அரிசி உளுந்து அளவு"ன்னீங்க. நல்ல பதிவு. பச்சரிசி ஒரு உழக்கு தலைதட்டி, அது மேலயே உளுந்தைக் கோபுரமாக் கொட்டினா எவ்வளவு நிக்குதோ அவ்வளவு. ரெண்டு மணி நேரம் ஊறப்போட்டு, வெண்ணெயா ஆட்டி, கொஞ்சம் பால், உப்பு, சீனி ஒரு சிட்டிகை. அவ்வளவுதான் விஷயம். வந்தவர் அந்த முதல் வரியைப் படிச்சதும் போனை அடுப்பு மேடையில கவுத்து வச்சுட்டு அரிசி அளக்கப் போயிடுவார். போகணும், அதுதான் நல்ல சமையல் குறிப்பு. ஆனா அவர் அப்ப எதையும் வாங்கப் போறதில்ல. அரிசியும் உளுந்தும் வீட்லயே இருக்கு. எந்த விளம்பரதாரன் அவர் பின்னாடி ஓடுவான்?

இப்ப இன்னொரு ஆள். ஆத்தங்குடியில தரைக்கல் செய்யுறவர், அவருக்கு நான்தான் கணக்கு எழுதுறேன். பேர் வேணாம். அவர் மகள் ஒரு பிளாக் நடத்துது. அழகு ஒண்ணும் கிடையாது. கண்ணாடி மேல அச்சை வச்சு சாயக் கலவையை ஊத்துறது, மேல உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுறது, கலவை போட்டு இழுத்து, தண்ணித் தொட்டியில நாள்கணக்கா ஊறப்போடுறது, எல்லாம் செல்போன்ல எடுத்த போட்டோ. பதிவுத் தலைப்பெல்லாம் இப்படி: "லாரியில கல் உடைஞ்சா யார் பொறுப்பு", "பதிச்ச புதுசுல ஏன் மங்கலா இருக்கு", "உமி போட்டு எப்பத் தேய்க்கணும்", "குளியலறைக்கு வேணாம்னு ஏன் சொல்றோம்". மாசத்துக்குச் சில நூறு பேர்தான் பாக்குறாங்க. உங்க பணியாரத்துக்கு ஒரு நாள்ல வர்ற கூட்டம்கூட இல்ல.

ஆனா அந்தச் சில நூறு பேரும் வீடு கட்டிட்டிருக்கிறவங்க. லாரியில கல் உடையுமான்னு தேடுறவர் கையில ஏற்கெனவே கடன் பத்திரம் இருக்கு. பெங்களூர், கோயம்புத்தூர்னு போன் வருது. ஒரு கூடத்துக்குக் கல் போனா அது உங்க பிளாக்கோட பல வருஷ வரவு. விளம்பரம் அதுல ஒண்ணுகூட இல்ல.

கல்யாண வீட்டுப் பந்தியில எத்தனை இலை விழுந்ததுன்னு எண்ணிட்டு, மொய் நோட்டை யாரும் பாக்கலைன்னா எப்படி? நம்ம ஆளுங்க இலையைத்தான் எண்ணிட்டிருக்காங்க.

அதனால என் கட்சி இது. பிளாக் தோத்துப் போறதுக்கு மொழி, எழுத்து, தேடல்ல மேல வர வைக்கிற எஸ்.இ.ஓ. வித்தை எல்லாம் பின்னாடி வர்ற காரணம். முதல் காரணம், யார் காசு கொடுப்பாங்கன்னு ஆரம்பத்துல யோசிக்காதது. படிக்கிறவங்க ஒரு பக்கம், காசு கொடுக்கிறவன் இன்னொரு பக்கம், நடுவுல நாம. அந்த ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்தா பிழைப்பு நடக்குது. வேற வேற ஆளா இருந்தா ஆயிரம் பார்வைக்கு முப்பத்தி நாலு ரூபாய்.

14 ஜனவரி 2025

பொங்கலோ பொங்கல். இன்னிக்குச் சர்க்கரைப் பொங்கல் அளவு தேடி எல்லாத் தளத்துலயும் கூட்டம் அள்ளும். தீபாவளி வரைக்கும் நல்லாக் கொடுத்த விளம்பரக்காரன் ஜனவரியில கையை இறுக்கிக்குவான். கூட்டம் உச்சத்துல இருக்கிறப்ப ரேட் பாதாளத்துல. இது வருஷா வருஷம் நடக்குறது, சாபம் இல்ல.

19 ஜனவரி 2025

"குடும்ப வாட்ஸப் குரூப்ல விளம்பரத்தைத் தட்டச் சொன்னா என்ன தப்பு?"ன்னு ஒரு கேள்வி. நல்லவேளை கேட்டீங்க.

எங்கிட்ட வர்ற ஒரு பையன், கல்லூரி ஹாஸ்டல். கோயில் உலா பத்தி எழுதினான், பிள்ளையார்பட்டியில ஆரம்பிச்சு இரணியூர், வைரவன்பட்டின்னு ஒம்பது நகரத்தார் கோயிலும். எழுத்து நிஜமாவே நல்லா இருக்கும், இரணியூர்க் கல்தூணைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தான், நானே பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். ஹாஸ்டல் நண்பனுங்க பாசத்துல எல்லாரும் சேந்து தட்டித் தள்ளிட்டானுங்க, ஒரே வைபைல இருந்து. நூறு டாலர் தொடுற நேரத்துல கணக்கு முடங்கிப்போச்சு. சேர்ந்த பணம் விளம்பரம் கொடுத்தவங்களுக்கே திரும்பப் போயிடும். மேல்முறையீடு எழுதினான், ஒண்ணும் நடக்கல. விதியில தெளிவா இருக்கு: சொந்தமாத் தட்டக்கூடாது, தட்டச் சொல்லவும் கூடாது. பாசமுள்ள சொந்தக்காரங்கதான் ஆபத்து.

இதுல கிளைக்கதை ஒண்ணு. பத்து டாலர் சேர்ந்ததும் தபால்ல ஒரு பின் நம்பர் வரும், அதைப் போட்டு முகவரியை உறுதிப்படுத்தணும். நாலு மாசத்துக்குள்ள போடலைன்னா விளம்பரம் நின்னுடும். நம்ம பக்கத்து வீடு முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. கதவு நம்பர் யாருக்கும் தெரியாது, தபால்காரருக்கே தெரியாது. தாத்தா, பூட்டன் பேரோட முதலெழுத்து சேர்த்து வீட்டுக்கு ஒரு விலாசம் வச்சிருக்கோம், அந்த எழுத்தைச் சொன்னாத்தான் வீடு தெரியும். ஆன்லைன் படிவத்துல அதை எழுதுறதுக்கு எந்தக் கட்டம்? கானாடுகாத்தான்ல ஒரு அம்மாவுக்குப் பின் வரவே இல்ல. ரெண்டாவது தடவை கேட்டப்ப, முகவரி ரெண்டாவது வரியில வீட்டு விலாசத்தை அப்படியே போடச் சொன்னேன். வந்துடுச்சு.

20 ஜனவரி 2025

விலாசத்தைப் பத்தி எழுதினதுக்கு இவ்வளவு பேர் வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா காசு பேச்சே எடுத்திருக்க மாட்டேன். அவங்கவங்க வீட்டு எழுத்தை இங்க போடாதீங்கப்பா, பொது இடம்.

24 ஜனவரி 2025

"வில்லேஜ் குக்கிங் சேனலைப் பாருங்க, சமையல்ல காசு இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

பாத்தேன். புதுக்கோட்டைப் பக்கம் சின்ன வீரமங்கலம், நமக்குப் பக்கத்து ஊர்தான். 2018ல ஆரம்பிச்சு 2021ல ஒரு கோடி சந்தாதாரர். தமிழ் சேனல்கள்ல அந்த எண்ணை முதல்ல தொட்டவங்க அவங்கதான். சந்தோஷம். ஆனா அவங்களைப் பாத்துட்டுக் கண்மாய்க்கரையில அண்டா ஏத்தின எத்தனை பேரோட கணக்கு எங்கிட்ட இருக்குன்னு தெரியுமா? அண்டா வாடகை, இருபது கிலோ கோழி, கேமரா கடன். அந்தச் சேனல்ல யாரும் சொல்லாத விஷயம், பாக்குறவருக்குத் தமிழ் தெரியணும்னு அவசியமே இல்ல. கூவுறாங்க, அரைக்கிறாங்க, கொட்டுறாங்க, சாப்பிடுறாங்க. உலகத்துல எவன் வேணாலும் பாக்கலாம். எழுத்துல அந்த வசதி கிடையாது. தம்பியோட மொழிக் கட்சிக்கு இந்த இடத்துல ஒரு மார்க் கொடுத்துடுறேன்.

29 ஜனவரி 2025

தேடுபொறியைப் பத்தி யாருமே கேக்கல, நானே எழுதுறேன்.

கூகுள் 2022 ஆகஸ்ட்ல "பயனுள்ள உள்ளடக்கம்"னு ஒரு மாற்றம் கொண்டாந்தாங்க. 2023 செப்டம்பர்ல அதையே இன்னும் இறுக்கினாங்க. உலகம் முழுக்கச் சின்னத் தளங்கள் சரிஞ்சது அப்பதான். 2024 மார்ச்ல இன்னொரு பெரிய மாற்றம். ஆகஸ்ட்ல தேடல் பக்கத்தோட தலையிலயே செயற்கை நுண்ணறிவு பதில் சொல்றது இந்தியாவுக்கும் வந்தாச்சு. பணியாரத்துக்கு ஒரு உழக்கு அரிசிக்கு எவ்வளவு உளுந்துன்னு கேட்டா அங்கேயே பதில் இருந்துட்டா, உங்க பக்கத்துக்கு எதுக்கு வரணும்?

எங்கிட்ட இருக்கிற ஆளுங்கள்ல ஒருத்தர் ஜோசியம், பஞ்சாங்கம், ராகுகாலம்னு பெரிய தளம் வச்சிருந்தார். வரவும் நல்லாவே இருந்தது, சம்பளத்துக்கு ஆள் போட்டார். கூட்டம் மொத்தமும் ஒரே வாசல் வழியா வந்துட்டிருந்தது. வாசல் சாத்தினதும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க நகையை வச்சார். அவர் எழுதினதுல ஒரு குறையும் நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வாசகர் போன் நம்பர், ஒரு ஈமெயில், ஒரு வாட்ஸப் குரூப், எதுவும் அவர்கிட்ட இல்ல. இத்தனை வருஷம் லட்சக்கணக்குல வந்துட்டுப் போனவங்கள்ல ஒருத்தரை மறுபடி கூப்பிட வழியில்ல. இது எனக்கு 13ஆம் தேதி எழுதினதை விடப் பெரிய காரணமோன்னுகூடத் தோணுது. இல்ல, ரெண்டும் ஒண்ணுதான். காசு கொடுக்கிறவன் யாருன்னு யோசிச்சிருந்தா அவன் நம்பரை வாங்கி வச்சிருப்போமே.

1 பிப்ரவரி 2025

பள்ளத்தூர்ல இருந்து ஒரு அண்ணன் எழுதுறார்: "கொண்டுவிக்க, அதாவது கடல்தாண்டித் தொழில் பண்ணப் போன காலத்துல பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன ஏஜென்ட் மூணு வருஷம் இருந்துதான் கணக்கு முடிச்சு வந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மூணு மாசம் பொறுமை இல்ல. அதனாலதான் தோக்குறாங்க."

கேக்க நல்லா இருக்குண்ணே. ஆனா அந்த ஏஜென்டுக்குச் சம்பளம் உண்டு, பேசி முடிச்சுத்தான் கப்பல் ஏறினார். முதல் போட்டது முதலாளி. பெட்டியடிப் பையனா உள்ள போய், அடுத்தாளாகி, மேலாளாகி, தொழில் கத்துக்கிட்டுத்தான் பொறுப்புக்கு வந்தாங்க. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவுல, தங்கவும் தொழில் பண்ணவும் ஒரே இடமா இருந்த கிட்டங்கியில ஒருத்தருக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். வாடகை எல்லாருக்கும் பங்கு. அன்னன்னிக்கு வரவு செலவு எழுதி ஊருக்குக் கடிதம் போகும். மூணு வருஷம் அவங்க பொறுமையா உக்காந்திருக்கல, மூணு வருஷமும் தினம் கணக்கு பாத்தாங்க. தேவகோட்டைத் தம்பியும்தான் மூணு வருஷம் இருந்துட்டார், பொறுமைக்கு என்ன குறை?

அப்புறம், தொழில் சரியில்லைன்னா பொட்டியக் கட்டிட்டு வரவும் அவங்களுக்குத் தெரியும். எந்த வருஷம் எவ்வளவு நஷ்டம் வந்தா நிறுத்துறதுன்னு ஒரு எண் எழுதி வைக்கச் சொல்றேன், ஒரு பிளாக்காரரும் எழுதினதில்ல.

தைப்பூசம் நெருங்குது. காவடி குன்றக்குடியிலிருந்து கிளம்பியதும் எங்க வீட்ல பாதிப் பேர் பழனிக்கு நடந்துடுவாங்க. கேள்வியெல்லாம் மெதுவாப் போடுங்க.

12 பிப்ரவரி 2025

வந்தாச்சு. நடந்தவங்களுக்குக் கால் வலி, நடக்காத எனக்கு இடுப்பு வலி.

"விக்கிறதுக்கு ஒரு பொருள் இருந்தா போதும்"னு நான் சொன்னதா ரெண்டு மூணு பேர் எழுதிட்டிருக்கீங்க. போதும்னு சொல்லல. மசாலாப் பொடி விக்கப் போன ஒரு அம்மா கணக்கைச் சொல்றேன். பிளாக் அருமை, கூட்டமும் உண்டு. கறி மசாலாப் பொடி, கால் கிலோ நூத்தம்பது ரூபாய். பொடிக்குச் செலவு எழுபதுன்னு கணக்குப் போட்டாங்க, எம்பது ரூபாய் லாபம்னு சந்தோஷம். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் வீட்ல இருந்த ஸ்டாக்கை வச்சுப் போட்ட விலை. ரெண்டாவது மாசம் கடையில வாங்கினப்பத்தான் கல்பாசி விலை தெரிஞ்சது. அதுக்கு மேல கூரியர். சென்னைக்கு ஒரு பொட்டலம் அனுப்ப எழுபது, எம்பது. "டெலிவரி இலவசம்"னு தளத்துல பெரிய எழுத்துல போட்டிருந்தாங்க. விக்க விக்க நஷ்டம் கூடிட்டே போச்சு, தீபாவளிக்கு ஆர்டர் குவிஞ்சப்ப அந்த வருஷத்துலயே பெரிய நஷ்டம்.

இப்ப அந்த அம்மா கால் கிலோ அனுப்புறதே இல்ல. நாலு பொடி சேர்த்து ஒரு கிலோப் பெட்டி மட்டும்தான், கூரியர் தனி. ஆர்டர் பாதியாக் குறைஞ்சிருச்சு. மாசக் கடைசியில மிச்சம் இருக்கு.

16 பிப்ரவரி 2025

இழை நீண்டதும் வந்துட்டாங்க. "வீட்டிலிருந்தபடியே பிளாக் எழுதி மாதம் லட்சம், பயிற்சி வகுப்பு, முதல் ஐம்பது பேருக்குச் சலுகை"ன்னு நடுவுல ஒரு விளம்பரம் போட்டிருக்கார் ஒரு புண்ணியவான். அண்ணே, உங்க லட்சத்துல பிளாக் எழுதி வந்தது எவ்வளவு, வகுப்புக் கட்டணமா வந்தது எவ்வளவு? அதை மட்டும் பிரிச்சுச் சொல்லிட்டீங்கன்னா நானே சேர்றேன்.

ரெண்டு நாள் வெயிட் பண்றேன்.

18 பிப்ரவரி 2025

பதிவை அழிச்சுட்டுப் போயிட்டார்.

இதே மாதிரி இன்னொரு வகை. புதுசா திறக்குற ஓட்டல், ரிசார்ட் எல்லாம் "வந்து சாப்பிட்டு நல்லதா நாலு வரி எழுதுங்க"ம்பாங்க. காசு கேட்டா "சாப்பாடு போடுறோம்ல"ம்பாங்க. வாழையிலைச் சாப்பாட்டை வரவுல எழுத எங்கிட்டக் கட்டம் இல்ல. போறதா இருந்தா எழுதுறதுல "இலவச விருந்து"ன்னு மேலயே போட்டுடுங்க. விளம்பரத் தர கவுன்சில் 2021லயே அப்படி அடையாளம் போடணும்னு விதி கொண்டாந்தாச்சு. அப்படிப் போட்டா ஓட்டல்காரர் ரெண்டாவது தடவை கூப்பிட மாட்டார், அதுவும் ஒரு லாபம்.

21 பிப்ரவரி 2025

தம்பி, உங்க பிளாக்ல பின்னூட்டத்தையெல்லாம் உக்காந்து படிச்சேன். சீப்புச் சீடைப் பலகாரப் பதிவுக்குக் கீழ போய்ப் பாருங்க. "எங்க மாமியாருக்கு இது வேணும், வாங்கக் கிடைக்குமா?" ஒருத்தர் அண்ணா நகர். "பொண்ணு வளைகாப்புக்கு நூறு வேணும், செஞ்சு தருவீங்களா?" ஒருத்தர் திருச்சி. மணகோலப் பலகாரப் பதிவுக்குக் கீழயும் இதே கதை. எல்லாருக்கும் ஒரே பதில் போட்டிருக்கீங்க: "மன்னிக்கவும், விற்பனைக்கு இல்லை. செய்முறை மேலே உள்ளது."

மேல மொழி, மொழின்னு சண்டை. கீழ தமிழ்ல காசை நீட்டிட்டு நிக்கிறாங்க!

23 பிப்ரவரி 2025

சீடை சுட்டு விக்க ஆத்தா ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க, மாசத்துக்கு ரெண்டு தடவை மட்டும் சுடுவாங்க, நீங்க ஓட்டம் காட்டக்கூடாதுங்கிற நிபந்தனையோட. நல்ல நிபந்தனை.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துருங்க. உங்க மாதிரிச் சின்ன வியாபாரத்துக்குச் சாதாரணப் பதிவே போதும். ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம், அந்த நம்பரைப் பொட்டலத்துல அச்சடிக்கணும். கூரியரை விலையில சேர்க்காதீங்க, தனியாவே வாங்குங்க. சீப்புச் சீடை தட்டினா நொறுங்கும், அதுக்குத் தகரடப்பாதான் சரி. டப்பா விலையைக் கேட்டுட்டு அப்புறம் சீடை விலையைச் சொல்லுங்க. ஆர்டர் எடுக்கிறப்பவே வாட்ஸப் நம்பர் வாங்கி எழுதி வைங்க.

எவ்வளவு நாள் தாங்கும்னு ஆத்தா சொல்றதை அப்படியே அச்சடிக்க வேணாம். அவங்க சொல்றது வீட்டுச் சம்படத்துக்கு, கை படாம எடுக்கிறவங்களுக்கு. தேங்காய்ப் பால் ஊத்திப் பிசையுறதால காறல் வாடை சீக்கிரம் எட்டிப் பாக்கும். ஒரே ஈட்டுல சுட்டதுல நாலு டப்பா மூடி வச்சு, வாரத்துக்கு ஒண்ணாத் திறந்து பாருங்க. எந்த வாரம் வாடை மாறுதோ அதுக்கு முந்தின வாரத்தைத் தேதியாப் போடுங்க. பங்குனி வெயில் வரப்போகுது, டப்பாவை ஏசி ரூம்ல வச்சுப் பாத்துட்டு எனக்குக் கணக்கு சொல்லக்கூடாது.